வடக்கு மேட்டில் ஏழு புள்ளிகள்

என் தம்பியின் படகைக் கயிறு போட்டு இழுத்து வந்தபோது காலை எட்டு மணி. கவிழ்ந்து மிதந்ததை விடியும் நேரத்தில் வேறு படகுக்காரர்கள் பார்த்து, நிமிர்த்தி, பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆள் இல்லை. என்ஜின் இல்லை. தூண்டில் பெட்டி இல்லை. குறுக்குப் பலகையோடு சேர்த்து இறுக்கிய ஐஸ் பெட்டி மட்டும் இருந்தது. என் தம்பி எதைக் கட்டினாலும் அப்படித்தான், அவிழ்க்கக் கத்தி வேண்டும்.

நான் வழக்கம்போல படகுத்துறையில் ரிஜிஸ்டரோடு நின்றிருந்தேன். கடல்மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் எனக்குச் சம்பளம். விடிந்ததும் துறைமுகத்துக்கு வந்து, கரையேறும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்து, என்ன இனம், எத்தனை சென்டிமீட்டர், எங்கே பிடித்தது என்று எழுத வேண்டும். பதினொரு வருடமாக இதே பிழைப்பு. இந்தக் கடலில் ஆயிரத்துக்கு மேல் மீன் இனம் உண்டு. பாதி, ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்த மாதிரி இருக்கும். முள்ளை எண்ணி, செதிலைத் தடவி, வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் பேர் சொல்ல முடியாது. அதனால் துறைமுகத்தில் என் பேரே ‘ரிஜிஸ்டர்’ ஆகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் வேறு பேரும் உண்டு, அது இங்கே வேண்டாம்.

தம்பியும் அவன் கூட்டாளி குண்டும் திங்கள்கிழமை விடியற்காலையில் போனவர்கள். குண்டு என்று பேரே தவிர ஆள் ஈர்க்குச்சி. திங்கள் இரவு ஒரு மணி நேரம் பேய்க்காற்று அடித்தது. நான் வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துத் தூங்கினேன். தூங்கினேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தம்பி மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். படகைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படகைப் பார்த்தாள்.

“அண்ணி, நீந்தத் தெரியும்ல அவருக்கு? நல்லா நீந்துவாருல்ல?”

“மீனு தோத்துப் போகும்,” என்றேன். வேறென்ன சொல்வது.

அதற்குள் தேடல் பிரிவிலிருந்து ஆள் வந்து அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டான்: எங்கே போவதாகச் சொன்னார்? அவள் சொன்னாள்: “வடக்கு மேட்டுக்குத்தான். எப்பவும் அங்கதான் போவாரு.” ஒன்பது மணிக்கு விமானம் எங்கள் தலைக்கு மேல் பறந்து வடக்கே போனது. தேடப் போன இரண்டு கப்பல்களும் அந்தப் பக்கமே திரும்பின. படகுத்துறையில் இருந்தவர்கள் கையைக் கூப்பியபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் சில படகுக்காரர்கள் மட்டும் விமானத்தைப் பார்க்காமல் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். அது எனக்கு உடனே உறைக்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதாவது செய்தால்தான் மூச்சு விட முடியும் போலிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன்.

இரைக்கு வைத்திருந்த மத்தி கொஞ்சம். இரண்டு கணவாய். அடியில் சிவப்பாக ஒன்பது மீன்.

சிவப்பைப் பார்த்ததும் எல்லோரும் “சங்கரா” என்றார்கள். சங்கராதான். ஆனால் அதிலும் இரண்டு உண்டு. மேட்டுச் சங்கரா என்று நாங்கள் சொல்வது சேற்றுத் தரையில், ஆழம் குறைந்த இடத்தில் இருக்கும். வடக்கு மேடு முழுக்க அதுதான். பள்ளச் சங்கரா என்பது நேர்மாறு. தெற்கே கடலடிப் பாறை சரேலென்று இறங்குகிற இடத்தில், கயிறு விட்டால் விட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஆழத்தில் வாழும். ஐஸில் ஒரு நாள் கிடந்தால் இரண்டுக்கும் நிறம் வெளுத்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஒரு மீனைத் துணியில் சுற்றி அலுவலகத்துக்கு ஓடினேன். ஆய்வு மேசையில் விளக்கைப் போட்டு, தட்டில் தலை இடப்பக்கம் இருக்கும்படி வைத்தேன். தம்பி செத்தானா பிழைத்தானா என்று தெரியாத நேரத்திலும் மீனின் தலையை இடப்பக்கம்தான் வைத்தேன், பாருங்கள். அத்தனை பழக்கம்.

மேட்டுச் சங்கராவாக இரு, மேட்டுச் சங்கராவாக இரு என்று வாய்விட்டே சொன்னேன். அப்படியென்றால் அவர்கள் வடக்கே இருந்தார்கள். வடக்கேதான் விமானம் போயிருக்கிறது. எண்ணிச் சொல்லிவிட்டு படகுத்துறைக்குத் திரும்பிப் போய் எல்லோரோடும் சேர்ந்து காத்திருக்கலாம்.

முதுகுத் துடுப்பை ஊசியால் விரித்து எண்ணினேன். மேட்டுச் சங்கராவுக்குப் பதினொரு முள், அதன் பின்னால் பதின்மூன்று மெல்லிய கதிர். எனக்கு வந்தது பத்து முள். தவறவிட்டிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். பத்து. கதிர் பதினொன்று. மூன்றாம் தடவை ஒவ்வொரு முள்ளாக விரலால் தொட்டுச் சத்தமாக எண்ணினேன். பத்தாவதோடு முள் தீர்ந்துபோனது. துடுப்பின் அடிப்பக்கத்தைத் தடவினேன். மேட்டுச் சங்கராவுக்கு அங்கே செதில் ஏறிச் சொரசொரவென்று இருக்கும். இது வழுவழுவென்று இருந்தது.

பள்ளச் சங்கரா. என் தம்பி தெற்கே இருக்கிறான். வடக்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த நேரம்தான் ஓரத்தில் நின்றவர்கள் கால் விரலைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

‘எங்கே பிடித்தது’ என்ற கட்டத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எந்தப் படகுக்காரனும் தன் இடத்தைச் சொல்ல மாட்டான். அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான், புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல மாட்டான். நல்ல மீன் கிடைக்கிற இடம் நாலு பேருக்குத் தெரிந்தால் நாற்பது படகு வந்து நிற்கும். கேட்டால் “வடக்கே” என்பார்கள். சாப்பிட்டாச்சா என்றால் ஆச்சு என்கிற மாதிரி அது ஒரு பதில். கேட்பவனுக்கும் பொய் என்று தெரியும், சொல்பவனுக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி என் ரிஜிஸ்டருக்கு மட்டும் தெரியாது. அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே வடக்கு மேடு, வடக்கு மேடு, வடக்கு மேடு என்று தட்டினேன்.

தெற்குப் பாறைச் சரிவு விஷயத்தில் இன்னொரு பயமும் சேர்ந்தது. மீன் குஞ்சு பொரிக்கிற இடம் என்று ஐந்து வருடம் முன்பு அங்கே தடை போட்டார்கள். பிடிபட்டால் படகு உரிமம் போய்விடும். அதற்கப்புறம் அங்கே போகிறவன் தலையை வெட்டினாலும் ‘தெற்கு’ என்ற சொல் வாயிலிருந்து வராது.

பள்ளச் சங்கரா என் ரிஜிஸ்டரில் ஏழு தடவை வந்திருக்கிறது. மூன்று தடவை என் தம்பி படகு. ஏழுக்கும் இடம் வடக்கு மேடு. முதல் தடவை எனக்கே சந்தேகம் வந்து அவனை வீட்டில் வைத்துக் கேட்டேன்.

“சேத்துல எப்படிடா இந்த மீனு? கதை விடாத.”

“நான் புடிச்சேன், நீ எழுது. படிச்சவ நீ. எப்படி வந்துச்சுன்னு நீதான் எனக்குச் சொல்லணும்,” என்று சிரித்தான்.

நான் எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. ஆழத்துப் பாறை மீன் ஒன்று சேற்று மேட்டிலும் வாழ்கிறது என்று எங்கள் இயக்குநர் துள்ளிக் குதித்தார். எங்கள் அலுவலகம் போட்ட மீன் இனப் புத்தகத்தில் அதற்கு ஒரு முழுப் பக்கம், வரைபடம், வடக்கு மேட்டில் ஏழு சிவப்புப் புள்ளி, அடியில் பொடி எழுத்தில் என் பேர். தம்பி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, “ஆபீஸ்ல உன்னைப் பெரிய ஆளாக்கினது யாரு?” என்று பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். எனக்கு உள்ளூர உறுத்தும். ஆனாலும் பேர் அச்சில் வந்திருக்கிறதே. உறுத்தலைப் பூசி மெழுகிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மீனைத் துணியோடு தூக்கிக்கொண்டு தேடல் பிரிவுக்கு ஓடினேன். துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடி. ஒரு பெரிய மேசை, அதன் மேல் கடல் வரைபடம், கண்ணாடி போட்ட அதிகாரி, ஓயாமல் கரகரக்கிற ரேடியோ. தம்பி மனைவி மூலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மீனை வைத்தேன். ஐஸ் தண்ணீர் வரைபடத்தின் மேல் சொட்டியது.

“சார், இவங்க வடக்க இல்ல. தெற்குப் பாறைச் சரிவுல இருந்திருக்காங்க. இந்த மீனு அங்கதான் கிடைக்கும். விமானத்தத் திருப்புங்க.”

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அவர் உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பொறுமையாகச் சொன்னார்.

“அம்மா, படகு கெடச்ச எடத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. இந்த மாசத்துல நீரோட்டம் காலையில ஒரு பக்கம், சாயந்தரம் ஒரு பக்கம். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு விமானம். மேட்டுக்கும் சரிவுக்கும் நடுவுல பதினாறு மைல். ரெண்டு எடத்துலயும் தேட முடியாது. வீட்டுல வடக்குன்னு சொல்லியிருக்காங்க.”

“வீட்டுல சொன்னது பொய் சார். மீனு பொய் சொல்லாது.”

“இது என்ன மீனு?”

சொன்னேன். முள் பத்து, கதிர் பதினொன்று என்று எண்ணியும் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தார். எனக்கு அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் புத்தகம். எல்லா அரசு அலுவலகத்துக்கும் நாங்களே இலவசமாக அனுப்பியது. பக்கத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதானே?”

ஏழு சிவப்புப் புள்ளி. எல்லாம் வடக்கே. அடியில் என் பேர்.

“உங்க புத்தகமே வடக்குன்னுதான் சொல்லுது. நீங்க எழுதுனதுதானே இது?”

“ஆமா சார். தப்பா எழுதிட்டேன்.”

“ஏழு தடவையா?”

ஆமாம், ஏழு தடவையும். பொய் என்று சந்தேகம் இருந்தது, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் எழுதினேன், அப்புறம் பேர் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி மனைவி முன்னாலேயே சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

“அப்ப எழுதுனது பொய்யின்னா, இப்ப சொல்றத நான் எதை வச்சு நம்பறது? சரிவுன்னே வச்சுக்குவோம். சரிவு எவ்ளோ நீளம்?”

“நாப்பது மைல்.”

“நாப்பது மைல்ல எங்கன்னு தேடறது? சரியான எடம் வேணும், அது உங்களுக்கு எப்படித் தெரியும்னும் வேணும். ரெண்டையும் கொண்டாங்க, இந்த நிமிஷமே திருப்பறேன்.”

அப்போது மணி பதினொன்றரை.

படியிறங்கும்போது தம்பி மனைவி பின்னாலேயே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “யாருக்கு அண்ணி தெரியும் அந்த எடம்?”

ஏழில் மூன்று தம்பி. இரண்டு, போன வருடம் படகை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்ட ஒருவர். மிச்சம் இரண்டும் ஊமைக்கோட்டானுடையவை. துறைமுகத்தில் அந்த ஆளுக்கு அதுதான் பேர். பேச மாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான். என் தம்பிக்கும் அவனுக்கும் பத்து வருடமாக ஏட்டிக்குப் போட்டி. ஒருவன் புது என்ஜின் வாங்கினால் மற்றவனுக்குத் தூக்கம் வராது.

துறைமுகம் முழுக்கத் தேடி, ஒன்றரை மணிக்குத்தான் அவனைக் கண்டோம். ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். ஓடப் பார்க்கிறான் என்று நினைத்து வழியை மறித்தேன்.

“தெற்குச் சரிவுல எந்த எடம்? சொல்லு.”

“எனக்கு என்ன தெரியும்? நான் வடக்க போறவன்.”

“வடக்கயாம் வடக்க! ரெண்டு தடவ பள்ளச் சங்கரா கொண்டாந்தியே, அது என்ன சேத்துல நடந்து வந்துச்சா?”

“நீதானே வடக்குன்னு எழுதுன,” என்றான் மெதுவாக.

அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நான் வயசுக்கு மரியாதை கொடுக்கிறவள், யாரையும் தொட்டுப் பேசாதவள். அன்று கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். காலையில் விமானம் வடக்கே போகும்போது பார்த்துக்கொண்டுதானே நின்றாய், ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லையா, நீயெல்லாம் சோறுதான் தின்கிறாயா என்று கத்தினேன். அவன் கையை ஓங்கவில்லை, விடுவிக்கவும் இல்லை.

“நான் சொன்னா எம் படகு போச்சு. அதுல நாலு வீடு சாப்பிடுது. உன் தம்பி எடத்த நான் சொல்லிட்டா, அந்த நாலு வீட்டுக்கும் வேற எவனாவது சோறு போடுவானா?”

சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. இவர்களோடு பதினொரு வருடம் டீ குடித்திருக்கிறேன். அத்தனை பேர் முகமும் எனக்கு அன்று அந்நியமாகத் தெரிந்தது. முழங்காலில் விழுந்து கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். விழுந்திருப்பேன். அதற்குள் தம்பி மனைவி முன்னால் வந்து என் கையை அவன் சட்டையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நீங்க இப்படிக் காணாமப் போயி, அவரு இங்க நின்னா, உங்களுக்காக அவரு சொல்லுவாரா?”

ஊமைக்கோட்டான் அதை நியாயமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டான். கயிற்றைக் கையில் சுற்றியபடி யோசித்தான்.

“சொல்ல மாட்டான்,” என்றான்.

“ஆமாண்ணா. சொல்ல மாட்டாரு.”

அவள் அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை. திரும்பி நடக்கத் தொடங்கினாள். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்னால் நடந்தேன். கொட்டகை முனை தாண்டியதும், “ஏ ரிஜிஸ்டர்” என்று குரல் கேட்டது. அவன் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்து, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி எண்களைப் படித்தான். தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

“அங்கதான் அவன் போவான். ரெண்டு வருஷமா அவன் பின்னாலயே போயி நான் கண்டுபுடிச்ச எடம்,” என்றான். “எம் பேரு வரக்கூடாது.”

மணி இரண்டு.

அதிகாரியிடம் கையை விரித்துக் காட்டினேன். “எப்படித் தெரியும்?” என்றார். “தம்பியோட நோட்டுல இருந்துச்சு சார்.” “நோட்டு எங்க?” “வீட்டுல.” அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். நான் கண் சிமிட்டவில்லை. மீனைக் காட்டி உண்மையைச் சொன்னபோது நம்பாத மனிதர், இல்லாத நோட்டை நம்பினார். நம்பினாரா, நம்பின மாதிரி நடித்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ரேடியோவை எடுத்து விமானத்தைத் தெற்கே திரும்பச் சொன்னார். அது திரும்பி வரும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை, கடலுக்கு மேலேயே நேராகப் போய்விட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். தம்பி மனைவி என் முதுகைத் தடவினாள்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு ரேடியோ கரகரத்தது. ஆள் தெரிகிறது. மிதவையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். உயிர் இருக்கிறது.

“எத்தன பேரு?” என்றார் அதிகாரி.

“ஒருத்தர்.”

தம்பி மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள். கப்பல் போய்ச் சேர்ந்து பேர் கேட்டுச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரம் அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அவள் எதை வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் எதை வேண்டுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். குண்டுவுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

அது குண்டு.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்க விட்டார்கள். உதடு வெடித்து, கண் வீங்கி, வலது கை ஒடிந்து கட்டுப் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவனாகவே பேசினான்.

“கவுந்தப்பவே என் கை போச்சுக்கா. பெரிய மிதவை ஒண்ணு, காலி கேன் ஒண்ணு, அதான் இருந்துச்சு. மிதவையில என்னக் கட்டிப் போட்டதே அவன்தான். அவன் கட்டுனா தெரியும்ல.”

“அவன் எங்கடா?”

“காலையில பத்து மணி இருக்கும். வடக்க தூரத்துல விமானம் தெரிஞ்சுது. ஈ மாதிரி. சுத்துது, சுத்துது, அங்கயே சுத்துது. நான் கத்துனேன். அவன் சிரிச்சான்கா. ‘பாத்தியாடா, நான் சொன்ன எடத்துல தேடுறானுங்க’ன்னான். அப்புறம் சிரிப்பு நின்னுருச்சு. ‘இந்தப் பக்கம் வரவே மாட்டாங்கடா. அக்கா வடக்குன்னு எழுதி வச்சிருக்கா. அவ ஒரு தடவ எழுதிட்டா அடிச்சுத் திருத்த மாட்டா. அவங்க இங்க வர மாட்டாங்க, நாமதான் அங்க போகணும்’னான்.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்டான்னேன். கேட்டாத்தானே. நீரோட்டம் வடக்க இழுக்குது, இதை விட்டா நேரம் இல்லன்னான். கேனை எடுத்துக்கிட்டு நீந்திப் போயிட்டான்கா. வடக்க. விமானம் சுத்துற பக்கம்.”

மத்தியானம் இரண்டு மணிக்குமேல் நான் திருப்பிய விமானம் வடக்கிலிருந்து தெற்கே வரும்போது அவன் தலைக்கு மேலேதான் வந்திருக்கும். அவன் கையை ஆட்டியிருப்பான். குறித்த இடத்துக்குப் போகிற அவசரத்தில் அவர்கள் கீழே பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு அவன் திரும்பி, அது தெற்கே, தான் விட்டுவந்த இடத்துக்கே போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

தேடல் பிரிவுக்குப் படியேறி ஓடினேன். அதிகாரி வரைபடத்தின் முன்னால்தான் இருந்தார். காலையில் வடக்கு இல்லை தெற்கு என்று மன்றாடியவள், இப்போது தெற்கு இல்லை என்று வந்து நிற்கிறேன். என்னைப் பைத்தியம் என்று வெளியே தள்ளியிருக்கலாம். அவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். உள்ளங்கையில் பாதி அழிந்துபோயிருந்த எண்களைப் பார்த்துச் சரிவில் ஒரு புள்ளி வைத்தேன். அங்கிருந்து, புத்தகத்தில் நான் வைத்த ஏழு புள்ளிகளுக்கு ஒரு கோடு இழுத்தேன்.

“இந்தக் கோட்டு மேல பாருங்க சார். நான் எழுதுன எடத்துக்கு வந்துக்கிட்டிருக்கான்.”

இரண்டு கப்பல்களும் அந்தக் கோட்டின் மேல் விளக்கடித்துக்கொண்டே போயின. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டார்கள். காலி கேனைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். கயிற்றைக் கப்பலில் அறுத்துத்தான் எடுத்தார்களாம். உயிர் போய் ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

அதிகாரி எங்களைக் கூப்பிட்டு அந்த இடத்தை வரைபடத்தில் காட்டினார். கோட்டிலிருந்து கொஞ்சம்கூட விலகவில்லை. “ஏழு மைல் வந்திருக்கார்மா,” என்றார், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

தம்பி மனைவி வரைபடத்தில் குனிந்தாள். விரலை அவனைக் கண்ட இடத்தில் வைத்து, அங்கிருந்து மெதுவாக வடக்கே நகர்த்தி, என் புள்ளிகளில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இன்னும் எவ்ளோ இருந்துச்சு சார்?” என்று கேட்டாள்.

“ஒன்பது மைல்,” என்றார் அவர்.